மேல்வீட்டு அக்கா

“கஞ்சா பாவிக்கிற பழக்கம் ஏதும் இருக்கா?”

“ஐயோ, இல்லை டொக்டர்! ஸ்ரான்லி அப்பிடிப்பட்ட பிள்ளையில்லை. சேர்ச்சில கீபோட் வாசிக்கிறவன்.”

தாய் கொன்ஸ்ரன்ஸ் சொல்லி வாய் மூடவில்லை. பின்னால் நின்ற இராமலெட்சுமி முந்திக்கொண்டாள்.

“அடிக்கிறான் டாக்டர். மொட்டை மாடில, தண்ணி டாங்கிக்குப் பின்னால. ஆறு மாசமா. இப்பல்லாம் தினமும்.”

கொன்ஸ்ரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கொட்டாஞ்சேனை ப்ளட்ஸ் அடுக்குமாடியில் இந்த மேல்வீட்டு அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. எந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் என்ன கறி என்று கேட்கிற ஆள். இன்று காலை ஸ்ரான்லி கட்டிலுக்கு அடியில் புகுந்து, “சுவருக்குள்ள இருந்து பொலிஸ் கதைக்குது” என்று அலறியபோதும் முதலில் ஓடிவந்தது இவள்தான். அம்புலன்ஸ் வந்ததும், யாரும் கூப்பிடாமலே, வீட்டுக் கவுனோடு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டர் ஷஸ்னா இப்போது அவள் பக்கம் திரும்பினார். “கடைசியா எப்ப?”

“நேத்து சாயந்தரம். நாலு நாளாத் தூக்கமும் இல்ல டாக்டர். தன்னால பேசிக்கிட்டே நடந்தான்.”

“நல்லவேளை சொன்னீங்க. ஒண்டும் பாவிக்கலன்னு நினைச்சு வேற வேற வருத்தம், நோயெல்லாம் தேடியிருப்போம்.”

பிறகு கொன்ஸ்ரன்ஸின் தோளைத் தொட்டார். “பயப்படாதீங்க அன்ரி. பொலிசுக்குச் சொல்லக் கேக்கல்ல. மகனைச் சுகமாக்கத்தான்.”

ஊசி போடும்போது ஸ்ரான்லி இறுக்கிப் பிடித்திருந்தது இராமலெட்சுமியின் கையைத்தான். அதுவும் கொன்ஸ்ரன்ஸுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை கண்ணயர்ந்ததும் அவளை வார்ட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இப்ப சந்தோஷமா அக்கா? இனி ப்ளட்ஸ் முழுக்கச் சொல்லுவீங்கள். என்ட பிள்ளைக்கு ஆர் பொம்பிளை குடுக்கப்போகினம்?”

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“ஆறு மாசமாத் தெரியும். என்னட்ட ஒரு வார்த்தை சொல்லேல்லை. டொக்டருக்கு முன்னாலதானா சொல்ல வேணும்?”

“சொல்லணும்னு மூணு தடவை உன் வீட்டுக் கதவு வரைக்கும் வந்தேன், தங்கச்சி. உன் முகத்தப் பார்த்ததும் வாய் வரல. சீனி கேட்டுட்டுத் திரும்பிட்டேன். தப்புத்தான்.”

சொல்லிவிட்டு கன்ரீன் பக்கம் போனாள். போனவள் அப்படியே வீட்டுக்குப் போகட்டும் என்று கொன்ஸ்ரன்ஸ் நினைத்தாள். ஐந்து நிமிடத்தில் அவள் பிளேன்ரீயும் பனிஸுமாகத் திரும்பி வந்தாள்.

“எனக்கு வேண்டாம்.”

“குடி. காலைலருந்து பச்சைத் தண்ணி கூடப் படல. என்னோட சண்டை போடவாச்சும் தெம்பு வேணும்ல?”

கொன்ஸ்ரன்ஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கோப்பையை வாங்கிக்கொண்டாள். இராமலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து, பனிஸைப் பிய்த்துப் பாதியை அவள் கையில் வைத்தாள்.

“உங்களுக்கேன் அக்கா இந்தப் பாடு? பேசாம இருந்திருக்கலாம்தானே?”

இராமலெட்சுமி வார்ட் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் பெரியவன் இதுலருந்து முழுசாத் தெளிஞ்சு வர மூணு வருஷம் ஆச்சு, தங்கச்சி. அன்னிக்கு டாக்டர் இதே கேள்வியக் கேட்டப்ப, நானும் ‘இல்லை’ன்னுதான் சொன்னேன்.”