மோகனராஜ் குடும்பத்தார்

"மோகனராஜ் ஃபேமிலி! மோகனராஜ் ஃபேமிலி யாரு?"

ஆபரேஷன் அறைக் கதவைப் பாதி திறந்து, மிஸ்ஸி ஆயிஷா, அந்த மலாய் நர்ஸ், மலாயில் இரண்டு முறை கூப்பிட்டாள்.

மோகனராஜ் எழுந்தார். அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உள்ளே படுத்திருப்பது மகன் ஜெயராஜ். கூப்பிடுவதோ அப்பன் பெயரை. பினாங்கில் இது ஒன்றும் புதிதல்ல. அடையாள அட்டையில் நம் ஆட்களின் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் வரும். கடைசியில் இருப்பதுதான் ஆளுடைய பெயர் என்று கவுண்டரில் எழுதிவிடுவார்கள். பேங்கிலும் ஜெயராஜ், மோகனராஜ்தான்.

"நான்தான் மோகனராஜ்," என்றார்.

"மோகனராஜ் உள்ள படுத்திருக்காரே, அங்கிள்?"

"அது என் மகன்."

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். மோகனராஜும் சேர்ந்து சிரித்தார்.

ஹெர்னியா ஆபரேஷன், சாயங்காலமே வீடு, கிராப் டாக்ஸியில் வந்துவிடுவேன் என்ற மகனை வற்புறுத்தித் தன் காரில் கூட்டிவந்திருந்தார். வீட்டில் ஒரு பேரப்பிள்ளை இல்லாத குறையைப் பற்றி அவனிடம் தனியாகப் பேச வேண்டும். மருமகள் சாந்தினி கோர்ஸ் என்று கோலாலம்பூர் போயிருக்கிறாள். இப்படி ஒரு நாள் மறுபடி எப்போது வாய்க்கும்?

"கவலப்படாதீங்க அங்கிள், கெடைச்சிருச்சு," என்றாள் மிஸ்ஸி.

டாக்டர் விரையைக் கீறி, மைக்ரோஸ்கோப்பில் இரண்டு மணி நேரம் தேடி, விந்தணுவை எடுத்துவிட்டாராம். ஒன்றும் இருக்காதோ என்று எல்லோரும் பயந்தார்களாம், ஆனால் நல்லதாகவே இருக்கிறதாம். மனைவியிடமிருந்தும் ஒன்பது கருமுட்டை எடுத்தாயிற்றாம். இரண்டையும் இன்றைக்கே லேபில் சேர்த்துவிடுவார்களாம்.

மோகனராஜுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை.

எந்த மனைவி? அவர் மனைவி வடிவம்மாளுக்கு அறுபத்திரண்டு வயது. முட்டி வலியோடு பாலிக் புலாவ் வீட்டில் இருக்கிறாள். அவளிடமிருந்து யார் போய் ஒன்பது முட்டை எடுத்தது?

"ஆளு மாறிப்போச்சு மிஸ்ஸி. என் மகனுக்கு ஹெர்னியா லா."

மிஸ்ஸி கையிலிருந்த ஃபைலைப் பிரித்தாள். ஜெயராஜின் பிறந்த தேதியைப் படித்தாள். பாலிக் புலாவ் விலாசத்தைப் படித்தாள். அதற்குக் கீழே மனைவி என்ற இடத்தில் இருந்த சாந்தினியின் பெயரையும் அதே வேகத்தில் படித்துவிட்டாள். அப்புறம்தான் அவள் முகம் மாறியது. மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மோகனராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாந்தினி கோலாலம்பூரில் இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் எங்கோ இருக்கிறாள். ஜெயராஜுக்கு ஹெர்னியாவும் இல்லை. குறை அவனிடம்தான்.

ஆறு வருஷமாகக் கேட்ட கேள்வியெல்லாம் மருமகளிடம்தான். வடிவம்மாள் கேட்டாள், தங்கச்சி கேட்டாள், கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூடக் கேட்டாள். ஜெயராஜை ஒருத்தரும் கேட்கவில்லை. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அத்தை" என்பதோடு சாந்தினி வாயை மூடிக்கொள்வாள்.

போன மாசம் தங்கச்சி மகன் குகனின் மனைவிக்கு வளைகாப்பு. வளையல் போட வரிசையில் நின்ற சாந்தினியை, "நீ அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று ஒதுக்கிவிட்டது வேறு யாருமில்லை, இதே மோகனராஜ்தான். அவள் சமையல்கட்டுக்குப் போய்ப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. மகன் மேல் கோபமும் வந்தது. பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால்தானே சொல்லியிருப்பான் என்று உடனே அதுவும் குழம்பியது. நடுவில், பேரப்பிள்ளை வரப்போகிறதோ என்ற சந்தோஷம் வேறு வந்து தொலைத்தது. எதை முதலில் நினைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

கதவு மறுபடி திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சாந்தினி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. புருஷன் எந்த அறையில் இருக்கிறான் என்று தேடி வந்தவள், மாமனாரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, அவருக்கு வெறும் ஹெர்னியாதான். கொறை எனக்குத்தான், அதுக்குத்தான் ட்ரீட்மெண்ட் எடுக்குறேன். சொல்லாம வந்தது என் தப்பு. அவர ஒன்னும் கேட்டுறாதீங்க, மாமா."

எல்லாம் தெரியும் என்று சொல்ல மோகனராஜ் வாயைத் திறந்தார். சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. எழுந்து, தன் நாற்காலியில் அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சரிம்மா," என்றார்.

சாந்தினி கண்ணை மூடிக்கொண்டாள். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

போன் அடித்தது. வடிவம்மாள்.

"ஏங்க, பையன்கிட்ட டைவர்ஸ் விசயம் பேசிட்டீங்களா? சுங்கைப்பட்டாணி பொண்ணு வீட்டுல ஞாயித்துக்கெழம பாக்க வரச் சொல்றாங்க."

மோகனராஜ் மருமகளைப் பார்த்தார்.

"நம்ம பையனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு, வடிவு," என்று சொல்லிவிட்டு போனை அணைத்தார்.