கொட்டலசு கழற்றிய சட்டை

கடலோரப் பாறையில், சிப்பிகளுக்கு நடுவே கொட்டலசு என்ற சின்னக் கடலுயிர் ஒன்று ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது. தனக்கும் ஓடு இருந்ததால், தானும் சிப்பி இனம்தான் என்று அது நம்பியிருந்தது. ஆனால் அடிக்கடி அதன் தோல் உரிந்துவிடும்.

“இந்தச் சீக்கு எங்க வம்சத்துலேயே கிடையாது!” என்று பக்கத்துச் சிப்பி முகம் சுளிக்கும். கொட்டலசு வெட்கத்தில் ஓட்டை மூடிக்கொள்ளும்.

ஒருநாள் அந்த உரிந்த தோல், அலையில் மிதந்துபோய் ஒரு நண்டின் கொடுக்கில் மாட்டியது.

“யாரோட சட்டை இது?”

“என்னுதுதான், மன்னிச்சிருங்க,” என்றது கொட்டலசு.

“எதுக்கு மன்னிப்பு? நானும் போன வாரம்தான் கழற்றிப் போட்டேன். பழசு இறுக்கினா எப்படி வளர்றது? எங்கே, உன் காலைக் காட்டு.”

“காலா? இரை பிடிக்கிற இறகுதான் இருக்கு.”

தயங்கித் தயங்கி அதை வெளியே நீட்டியது. இறகு முழுக்கக் கணுக்கணுவாக மூட்டுகள்!

“அடி என் தங்கச்சி! இதெல்லாம் இறகில்லை, கால்தான்!” நண்டு துள்ளியது. “சிப்பியும் நத்தையும் மெல்லுடலிகள். நீ, நான், இறால் எல்லாரும் கணுக்காலிகள். நீ எங்க வீட்டுப் பெண்!”

அடுத்த அலை வந்ததும் கொட்டலசு அத்தனை கால்களையும் வீசி ஆட்டியது.

“எங்கே ஓடப்போறே?” என்றது சிப்பி.

“எங்கேயும் இல்லை அக்கா. நின்ன இடத்துலேயே ஆடப்போறேன்!”