ஆள் இருக்கும் நேரம்

வார்டனுக்கு யாரு கூஜா தூக்கினது? நானா?

இங்க பாரு மைக்கு, உன் தொண்டைக்குப் பொருத்தமாத்தான் பேரு வெச்சிருக்கோம். மெஸ்ஸுல நாலு பேர் முன்னாடி கேட்டே இல்ல? நாலு பேர் முன்னாடியே பதிலையும் வாங்கிக்கோ. தட்டைக் கீழ வை. வாய்க்குக் கொஞ்சம் லீவு விடு.

ஆமா, தண்ணிப் பிரச்னைக்காக நான் ஆரம்பிச்ச 'சொட்டு' சைட்டுல உங்க பேரையெல்லாம் கறுப்படிச்சது நான்தான். வார்டன் புகார் குடுத்ததாலதான் அடிச்சேன். அதுவும் உண்மை. ஆனா என்ன நடந்ததுன்னு தெரியுமா உனக்கு?

நம்ம ஹாஸ்டல் மாடியில நாப்பது நாளா தண்ணி வரல. புகார் நோட்டுல அறுபத்தொரு பேர் எழுதியாச்சு. ஒரு குழாய்கூட அசையல. அந்த நோட்டைப் பக்கம் பக்கமா போட்டோ எடுத்து சைட்டுல ஏத்தினது யாரு? நான். வார்டன் போன் நம்பரைப் போட்டு, 'இவங்களைக் கேளுங்க'ன்னு கொட்டை எழுத்துல எழுதினது யாரு? அதுவும் நான். அன்னிக்கு நீதான் என்னைத் தோள்ல தூக்காத குறை.

மூணாம் நாள் சைட்டைத் திறந்தா வெள்ளைப் பக்கம். நடுவுல ஒரே வரி. 'தனிநபர் விவரங்கள் வெளியிடப்பட்டதால் இந்தத் தளம் நிறுத்தப்பட்டுள்ளது.'

எனக்கு வந்துச்சே கோவம்! சைட்டுக்கு இடம் குடுத்த கம்பெனி எங்க இருக்குன்னு தேடிப் புடிச்சேன். ரெண்டு தெரு தள்ளி, செருப்புக் கடைக்கு மேல. ஒரே ரூம், ஒரே ஃபேன், ஒரே ஆளு. படியேறின மூச்சு அடங்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டேன்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"உக்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணியா? குத்திக் காட்டறீங்களா?"

பாவம், முழிச்சார்.

"நீங்கதானே சர்வர் வெச்சிருக்கறவர்? ஹோட்டல் சர்வர்கூட 'எடுக்கலாமா'ன்னு கேட்டுட்டுத்தான் தட்டை எடுப்பார். நீங்க பாதியில உருவிட்டீங்க!"

சிரிச்சுட்டார். எனக்கு இன்னும் ஏறிடுச்சு.

"புகார் குடுத்தது எங்க வார்டன்தானே?"

"யாருன்னு நாங்க சொல்றதில்ல. ஆனா அவங்களே 'என் பேரைச் சொல்லலாம்'னு எழுதியிருக்காங்க. வார்டன்தான்."

"எனக்குத் தெரியும்! பூட்டு! நம்பரைப் போட்டதும் சுருக்குன்னு குத்தியிருக்கும்."

"பூட்டா?"

"மாடிக் கதவு, டிவி ரூம், ஃபிரிட்ஜு, எதைக் கண்டாலும் பூட்டற அம்மா. இப்போ சைட்டுக்கும் பூட்டு!"

அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினார். நம்ம புகார் நோட்டு, நாலாவது பக்கம்.

"இந்த வரியைக் கொஞ்சம் சத்தமாப் படிம்மா."

படிச்சேன். "ரூம் 304. குழாயில காத்துதான் வருது. ஆள் இருக்கும் நேரம்: சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு. ரூம்மேட் ஊருக்குப் போயிருக்கா, தனியாத்தான் இருப்பேன், எப்ப வேணா வரலாம்." பக்கத்துலயே போன் நம்பர்.

"நேரமெல்லாம் எதுக்கு எழுதறது?"

"பிளம்பருக்கு. பூட்டின ரூமைப் பாத்தா அவர் அப்படியே திரும்பிப் போயிடுவாரு..."

"இப்போ பிளம்பர் மட்டுமா படிக்கிறார்? ஊரே படிக்குது. யாரும்மா இதை எழுதினது? விவரமில்லாத பொண்ணா இருக்கே."

"...நான்தான்."

சிரிக்காதே மைக்கு. உன் வரி அடுத்த பக்கம். 'சோப்பு போட்டாச்சு, தண்ணி நின்னுடுச்சு, துண்டோட நிக்கிறேன், உடனே வரவும்.' போன் நம்பரோட!

அறுபத்தொரு பொண்ணுங்க. பேரு, ரூமு, நம்பரு, எப்போ தனியா இருப்போம்ங்கற நேரம். எல்லாத்தையும் என் கையாலேயே ஊருக்குத் தாரை வார்த்திருக்கேன்.

அங்கேயே உக்காந்து வரி வரியா கறுப்படிச்சேன். புகாரை மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம். ரெண்டு மணி நேரம். விரலு வீங்கிப் போச்சு. கடைசியில, நியாயம்னா எல்லாருக்கும் நியாயம்தானேன்னு, வார்டன் நம்பர் மேலயும் மவுஸைக் கொண்டு போனேன். மனசே இல்லாமத்தான்.

"அதை அடிக்காதேம்மா"ன்னார்.

"ஏன்?"

"அவங்க மெயில்ல கடைசிப் பத்தி. படி."

படிச்சேன். ஒரு தடவைதான். மனப்பாடம் ஆயிடுச்சு. கேட்டுக்கோ:

'பெண்களின் விவரங்களை மட்டும் உடனே எடுத்துவிடுங்கள். என் நம்பர் அப்படியே இருக்கட்டும். அதற்கு வரும் அழைப்புகள் எல்லாம் பராமரிப்பு மேனேஜரின் மேஜைக்குப் போகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறேன். என் ஏழு கடிதங்களுக்கு அசையாதவர், இருநூறு போனுக்காவது அசையட்டும்.'

சைட்டு அன்னிக்கே திரும்ப வந்துடுச்சு. இப்போ சொல்லு மைக்கு. இன்னிக்குக் காலையில மூணு பிளம்பர் ஒண்ணா வந்து நின்னாங்களே, உன் கோஷத்துக்கா?

என்ன, மைக்குக்குக் கரன்ட் போயிடுச்சா?

வார்டன் மேடம்! கதவுக்குப் பின்னாடி நின்னு சிரிச்சது போதும், உள்ள வாங்க. எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு. எங்களுக்காக ஏழு கடிதம் எழுதியிருக்கீங்க. நாங்க இதே மெஸ்ஸுல உக்காந்து பூட்டு, பூட்டுன்னு உங்களைக் கிழிச்சப்போ ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊர்ல இருக்கற கதவெல்லாம் போதாதுன்னு உங்க வாய்க்குமா பூட்டு?

ம்ம்... எல்லாருக்கும் கேக்கற மாதிரி பதில் சொல்லுங்க!