பசை போட்ட பாவி

"எந்தப் பாவி இப்படிப் பசை போட்டு வச்சானோ, அவன் கை விளங்குமா?"

ஜார்ஜ்டவுன் சூலியா தெருவில் கோகிலனுடைய போன் ரிப்பேர் கடை. பசை இளக ஒரு போனின் முதுகுக்குச் சூடு காட்டிக்கொண்டே கத்தினான். காத்திருந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும், "அதானே!" என்று தலையாட்டினார்கள்.

பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்த அவன் மனைவி லோகேஸ்வரி மட்டும் ஆட்டவில்லை. எப்படி ஆட்டுவாள்? அந்தப் பாவியே அவள்தானே!

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஒரு போன் ஃபேக்டரி. பதினோரு வருஷமாக அங்கே பசை லைனில்தான் வேலை. மெஷின் பசை போட்டுத் தள்ளும். இவள் மூடியை வைத்து அமுக்கி ஒட்டி அனுப்புவாள். லீவு நாளில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிக் கடைக்குச் சோறு கொண்டுவந்தால், கூடவே இந்தச் சாபத்தையும் வாங்கிக்கொண்டு போவாள்.

"ரெண்டு வருஷத்துல பேட்டரி செத்துரும். மாத்தவும் விடமாட்டான், புதுசு வாங்குங்கறான். பகல் கொள்ளை லா!"

இது கோகிலனின் தினப்படிப் பிரசங்கம். பசையைப் பிரித்துப் பேட்டரி மாற்ற முப்பது வெள்ளி வாங்குவான்; கடை ஓடுவதே அதில்தான். இதைக் கேட்கவே கடைக்கு வருகிறவர்கள் உண்டு. 'வீட்டுக்காரம்மா எங்க வேலை?' என்று யாராவது கேட்டால் மட்டும், "ஃபேக்டரி" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

அடுத்த வாரம் லோகேஸ்வரி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்பு.

"ஏங்க, புது மாடல் வருதுங்க! மூடிக்குப் பசையே கிடையாது. நகத்தால தூக்குனா வந்துரும். பெட்டியிலேயே இன்னொரு பேட்டரி வேற குடுக்கறாங்க. எங்க லைனையே மூடிட்டு என்னைப் பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க!"

ஓவர்டைம் போச்சு. போகட்டும், சாபம் தீர்ந்ததே என்று அவளுக்கு. கோகிலன் துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தாள்.

"அப்படியா" என்றான். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

இந்த மனுஷனுக்கு என்ன வந்தது? அவளுக்குப் பிடிபடவே இல்லை.

புது மாடல் கடைகளுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். லோகேஸ்வரி சோற்றோடு வந்த நேரம், நாசி கண்டார் சோற்றுக்கடை ஹமீதா அக்கா உள்ளே பாய்ந்து வந்தார். கையில் அதே புது மாடலும், பெட்டியோடு வந்த இன்னொரு பேட்டரியும்.

"தம்பி, இது என்ன கூத்து? மூடியத் திறக்கப் போயி என் நகம் பேந்துருச்சு! வாங்குன கடையில டக்குன்னு திறந்து காட்டுனான் லா. அங்கேருந்து நேரா வந்து உன்கிட்டதான் ஸ்கிரீனுக்குக் கண்ணாடி ஒட்டுனேன். இப்ப சாப்பாட்டு நேரம், சார்ஜ் தீர்ந்து பேட்டரி செத்துக் கிடக்கு. ஆர்டர் எல்லாம் போன்லதானே வருது!"

"நான் சொல்லல? எல்லாம் ஏமாத்துக்காரப் பயலுங்க. பசை இல்லம்பான், உள்ள ஒட்டி வச்சிருப்பான். வைங்க அக்கா, எடுத்துத் தர்றேன். முப்பது வெள்ளி."

பசையா? இந்த மாடலிலா?

"குடுங்க பாப்போம்" என்று லோகேஸ்வரி போனை வாங்கினாள்.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். ஃபேக்டரிப் பசை கறுப்பு. கோடு இழுத்தமாதிரி சுற்றிலும் ஒரே சீராக இருக்கும். இதில் நாலு மூலைக்கு நாலு சொட்டு, வெள்ளையாகக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். அறுந்த செருப்புக்குப் போடுகிற பசை வாடை.

நிமிர்ந்தாள். கோகிலனின் மேசையில், திருப்புளிகளுக்கு நடுவே, வயிறு நசுங்கிய ஒரு குட்டிப் பசை டியூப். அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான். மெதுவாக ஒரு துணியை இழுத்து அதை மூடினான்.

"எந்தப் பாவியோ!" ஹமீதா அக்கா விடுவதாக இல்லை. "அவன் கை விளங்குமா? நீயே சொல்லு தம்பி!"

கோகிலன் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டான். இத்தனை வருஷமாக இந்தத் தெருவில் எடுத்த நல்ல பெயர், இப்போது மனைவியின் ஒரு வார்த்தையில் இருந்தது.

லோகேஸ்வரி பிளேடை எடுத்தாள். நாலு மூலையையும் கீறினாள். மூடி கழன்றது. பேட்டரியை மாற்றிக் கையில் கொடுத்தாள்.

"காசு வேணாம் அக்கா. இந்தப் போன் செய்யற ஃபேக்டரியிலதான் நான் வேலை செய்யறேன். மூடி ஒட்டற பசை லைன். எங்க பக்கம் நடந்த தப்பு. திட்டறதா இருந்தா என்னையே திட்டிருங்க."

ஹமீதா அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

பதினோரு வருஷத்தில் எத்தனை லட்சம் போன் ஒட்டியிருப்பாளோ, ஒருநாளும் அவள் அதை வெளியில் சொன்னதில்லை. முதல்முறையாக வாய்விட்டு ஒப்புக்கொண்டது, அவள் ஒட்டாத ஒரு போனுக்கு.