கால் கயிறு

"இன்னிக்கும் அவுந்து கெடக்குது" என்று எல்லப்பன் ராத்திரி காலில் கட்டிப் படுத்த கயிற்றைத் தூக்கிக் காட்டினான். பாதமெல்லாம் ஈர மணல். தூக்கத்தில் மறுபடியும் ஒல்லாந்தர் கோட்டைக் கப்பல் துறை வரைக்கும் நடந்திருக்கிறான்.

"என்னிக்காவது காவக்காரன் சுட்டுடப் போறான். நான் இன்னாதான் செய்யறது?"

"முடிச்ச மாத்திக் கட்டலாம்" என்றாள் மனைவி கங்கம்மா, தலை நிமிராமல்.

"எந்த முடிச்சு போட்டா இன்னா? வலை பின்ற வெரலு, தூக்கத்துலயே அவுத்துடுது. இன்னிக்குக் காலோட கையையும் சேத்துக் கட்டிடு. எப்புடி அவுக்குதுனு பாத்துடறேன்."

கங்கம்மா கயிற்றை வாங்கிச் சுருட்டி வைத்தாள்.

பஞ்சத்தில் ஒரே மகள் அஞ்சலையை அதே துறையில் கப்பல்காரர்களிடம் அடிமையாக விற்ற நாளிலிருந்து, வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான் எல்லப்பன். அவனும் எடுத்ததில்லை. தூக்கத்தில் அந்தத் துறைக்குப் போய் நிற்கும்போது மட்டும், கடலைப் பார்த்து, "அஞ்சல, வந்துடும்மா" என்று கூப்பிடுவான்.

அதைக் கேட்பதற்காகத்தான் கங்கம்மா தினமும் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். கையும் கட்டியிருக்கும்போது கயிறு அவிழ்ந்தால், அவிழ்த்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

"கைய நல்லா இறுக்கிக் கட்டு" என்று அன்று ராத்திரி எல்லப்பன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

கங்கம்மா கட்டினாள்.