ஒரு விரலின் விசை

விண்நிலையக் கூடத்தில் எடையின்றி மிதந்தது அப்பாவின் பாடை. பூமியின் வானில் விண்கல்போல் விழுந்து அவர் எரியவேண்டுமென மூத்தவன் செம்மல் வெளிக்கதவை நோக்கித் தள்ளினான். நிலையத் தோட்டத்தில் புதைக்கவேண்டுமென இளையவன் பரிதி எதிர்ப்புறமிருந்து தள்ளினான். இருவர் பலமும் சமம், பாடை அசையவில்லை.

"உசுரோட இருக்கையில ஆளுக்கொரு பக்கம் இப்படிப் பிடிச்சிருந்தா, மனுசன் எழுந்து நடந்திருப்பாருடா," என்றாள் அம்மா.

பெண்கள் பாடையைத் தொடும் வழக்கமில்லை. ஆயினும் மகள் கோதை, செம்மலின் பக்கம் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தினாள். பாடை கதவை நோக்கி மெல்ல நகரத் தொடங்கியது.

பரிதி தங்கையின் விரலைப் பார்த்தான். "அப்பா தன் கடைசி ஆசைய உன்கிட்டதான் சொன்னாரா, பாப்பா?"

"ஆமாண்ணே."

அவன் கைகளை எடுத்துக்கொண்டான். தடுக்க எவருமின்றி, அப்பா வேகமெடுத்தார்.