செவலைக்கு லீவு இல்லை

“விரலை அசைச்சுக் காட்டுங்க டீச்சர்.”

கணக்கு டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்துக் காட்டினார்.

“எலும்புக்கு ஒண்ணுமில்லை, மணிக்கட்டுல லேசான சுளுக்குதான். ஆனா ரெண்டு வாரம் குதிரை லாயம் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது” என்றார் டாக்டர்.

“ரெண்டு வாரமா? இப்பத்தான் டாக்டர், குதிரை என் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சிருக்கு!”

“எந்தக் குதிரை?”

“செவலை. பரம சாது. இறங்கும்போது நான்தான் வழுக்கிட்டேன்.”

“கடிக்குமா?”

“ஐயோ, கேரட்டைக் காட்டினா பின்னாலயே வரும்.”

“எப்ப போவீங்க?”

“ஞாயித்துக்கிழமை காலையில, முதல் ஆளா.”

இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் டாக்டர் யாருக்குக் கிடைப்பார்! டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஏறத்தானே கூடாது, பார்த்தால் என்ன? ஒரு கேரட்டோடு கிளம்பிவிட்டார்.

மைதானத்தில் செவலை ஆடி அசைந்து நடந்துகொண்டிருந்தது. அதன் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தார் டாக்டர்.

“டாக்டர் சவாரி கத்துக்கச் சேர்ந்து மாசக்கணக்காச்சு டீச்சர்” என்றார் பயிற்சியாளர். “சாதுக் குதிரை கிடைச்சாதான் ஏறுவேன்னு பெஞ்சிலேயே உக்காந்திருந்தார். செவலை ரெண்டு வாரம் சும்மாதான் இருக்கும்னு அவரே ஓடிவந்து சொன்னார்!”

அதற்குள் செவலை கேரட்டைப் பார்த்துவிட்டது. ஒரே ஓட்டம். வேலிக்குப் பக்கத்தில் வந்து சடக்கென்று நின்றது. டாக்டர் நிற்கவில்லை.

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தவரிடம் டீச்சர் நிதானமாகக் குனிந்தார்.

“விரலை அசைச்சுக் காட்டுங்க டாக்டர்.”